குறுகிய சந்தையே சிறியோனின் கோட்டை

மென்பொருள் தொழில் என்றதும் நம் வாலிபர்களில் பலருடைய மனக்கண்முன் தோன்றுவது வானளாவிய கட்டிடமும், ஆயிரக்கணக்கான சிப்பந்திகளும், கோடிக்கணக்கான மூலதனமுமேயாகும். இவை இல்லாதவனுக்குப் பிறரிடம் சம்பளத்துக்கு ஊழியம் செய்வதன்றி வேறு கதியில்லை என்றும் அவர்கள் நம்புகிறார்கள். இது தவறான நம்பிக்கை என்பதே நமது திடமான அபிப்பிராயம்.

2006-ம் ஆண்டில், ஜப்பானில் உத்தியோகம் பார்த்து வந்த பாட்ரிக் மெக்கன்ஸி என்ற அமெரிக்கர் ஒரு சிறு மென்பொருளைச் செய்தார். அமெரிக்கப் பள்ளி ஆசிரியைகள் பிள்ளைகளுக்குச் சொற்களைப் பழக்க பிங்கோ என்னும் விளையாட்டை உபயோகிப்பதுண்டு. வகுப்பில் 30 பிள்ளைகள் இருந்தால் 30 விதமான சீட்டுகள் வேண்டும். அவற்றைக் கையால் எழுதும் தொல்லையை நீக்குவதே அம்மென்பொருளின் வேலை. அவர் போட்ட முதல் சுமார் 60 டாலர்தான். 2010-ல் அவர் உத்தியோகத்தை உதறிவிட்டுச் சொந்தத் தொழிலிலேயே இறங்கினார். பிங்கோ சீட்டுக்காகப் பெரிய கம்பெனி எதுவும் தன் ஆட்களை ஏவப் போவதில்லை. அந்த லாபம் அதற்குக் கட்டுபடியாகாது. பெரியவன் அற்பமென்று ஒதுக்குவதே சிறியவனுக்குக் கோட்டையாகிறது.

நமது தேசத்திலும் இதற்கு உதாரணம் உண்டு. 1986-ல் பெங்களூரில், ஆலைகளுக்கு இயந்திர உறுப்புகள் விற்று வந்த சியாம் சுந்தர் கோயங்கா, தம் கணக்குக்கு ஏற்ற மென்பொருள் கிடைக்காமல், தம் புதல்வர் பரத் கோயங்காவைக் கொண்டே ஒன்றைச் செய்வித்தார். குறியீட்டு எண்களை மனப்பாடம் செய்யாமல், வழக்கமான பெயர்களைக் கொண்டே வியாபாரி அதில் கணக்கு எழுதலாம். இன்று கடைவீதிதோறும் வழங்கும் டாலி அதுதான்.

இவ்விருவர் கதையிலும் முதலில் நின்றது இயந்திரமன்று. ஒரு மனிதனுடைய தலைவலி. அந்தத் தலைவலி எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதே தொழிலில் பாதி.

திருப்பூரைப் பாருங்கள். நூல் கிலோக் கணக்கில் பின்னலுக்குப் போகிறது. துணி சாயப் பட்டறைக்குச் சென்று எடை மாறித் திரும்புகிறது. ஆடையோ எண்ணிக்கையில் வெளிவருகிறது. எங்கே எவ்வளவு குறைந்தது என்பது முதலாளியின் அன்றாடக் கவலை. பொதுக் கணக்கு ஏட்டில் இது எளிதில் அடங்குவதில்லை. ஆகவேதான் அத்தொழிலுக்கென்றே மென்பொருள் செய்து பிழைப்போர் இருக்கிறார்கள். ஒவ்வொரு தொழிலுக்கும் இத்தகைய தனிக் கவலை உண்டு. அதை அறிய அத்தொழிற்கூடத்தில் சில நாள் உட்கார்ந்திருக்க வேண்டும். நகரத்து நாற்காலியிலிருந்து ஊகித்துப் பயனில்லை.

சந்தை சிறிதானால் வயிறு நிறையுமா என்று சிலர் கேட்கக்கூடும். 300 முதலாளிகள் ஆண்டுக்கு 10,000 ரூபாய் வீதம் கொடுத்தால் 30 லட்சம் ரூபாய் ஆகிறது. நாலைந்து பேர் கொண்ட ஸ்தாபனம் கௌரவமாக நடக்க இது போதும். ஆனால் இரண்டு எச்சரிக்கைகள் அவசியம். பணம் கொடுக்கச் சக்தியும் மனமும் உள்ளவர்களா என்பதை மென்பொருளை எழுதுமுன்பே விசாரித்து அறிய வேண்டும். இரண்டாவதாக, அடிமாட்டு விலைக்கு விற்கலாகாது. விற்றபின் வாடிக்கைக்காரரின் சந்தேகங்களுக்குப் பதில் சொல்லவும், சட்டமும் வரியும் மாறும்போது மென்பொருளைத் திருத்தவும் செலவுண்டு. 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது கணக்கு மென்பொருள் செய்வோர் இதை நன்கு உணர்ந்தனர்.

பிறருக்காக மணிக்கணக்கில் உழைப்பதை நாம் இழிவாகக் கூறவில்லை. ஆனால் அவ்வுழைப்பின் பலனாக விளையும் பொருள் பிறருடையதே. தன் ஊர்த் தொழிலின் ஒரு சங்கடத்தைத் தீர்த்தவனோ, சிறிதாயினும் தனக்கென்று ஓர் உடைமையைப் பெறுகிறான். புத்தியும் பொறுமையும் உள்ள வாலிபர்கள் அதைத் தேடிப் புறப்படுவார்களாக.