சிவப்புக் கோட்டைத் தாண்டாதீங்க பாஸ்!

நாளைக்கு செமஸ்டர். தொண்டை கரகரங்குது, மூக்கு ஒழுகுது. என்ன பண்ணுவீங்க? ஹாஸ்டலுக்கு எதிரே இருக்கிற மெடிக்கல் ஷாப்ல போய், ''அண்ணே, சளிக்கு நல்லதா ஏதாச்சும் குடுங்க!'' அவரும் கத்திரியால் ஸ்ட்ரிப்பை நறுக்கி, மூணு கேப்ஸ்யூலை கவர்ல போட்டுக் கொடுப்பார். மேட்டர் ஓவர்!

ஓவர் இல்லை பாஸ். அங்கேதான் ஆரம்பமே!

சாதாரண சளி, வைரஸால் வருவது. ஆன்ட்டிபயாட்டிக் கொல்வதோ பாக்டீரியாவை. ஆக, அந்த மூணு கேப்ஸ்யூல் உங்க சளியை ஒண்ணும் பண்ணாது. ஆனா, உடம்புக்குள்ள சும்மா இருக்கும் பாக்டீரியாக்களைப் போட்டுத் தாக்கும். சாதுவானதெல்லாம் செத்துப்போக, மருந்துக்கு அசராத ஒண்ணு ரெண்டு தப்பிப் பிழைச்சுப் பெருகும். அதோட விடுமா? அந்த எதிர்ப்பு ஜீனைப் பக்கத்து பாக்டீரியாவுக்கும் தள்ளிவிடும். எக்ஸாம் ஹால்ல பிட் பாஸ் பண்ற மாதிரி!

இது இப்படித்தான் ஆகும்னு பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃபிளெமிங், 1945-லேயே நோபல் உரையில் எச்சரித்தார். நாம கேட்டாத்தானே? 2019-ல் மட்டும் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களால் உலகம் முழுக்க நேரடியாக இறந்தவர்கள் சுமார் 12.7 லட்சம் பேர்!

நம்ம நாட்டுக்கு ஷாக் அடித்தது 2010-ல். கடைசி ஆயுதமாக வைத்திருந்த கார்பபெனம் மருந்துகளையே செல்லாக்காசாக்கும் 'என்.டி.எம்.-1' என்கிற என்ஸைம் பற்றி 'லான்செட் இன்ஃபெக்‌ஷியஸ் டிசீசஸ்' இதழில் கட்டுரை வந்தது. முதல் ஆசிரியர், சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர் கார்த்திகேயன் குமாரசாமி. 'எங்க தலைநகர் பேரை எப்படி வைக்கலாம்?' என்று டெல்லி கொதித்தது. ஆனா, அந்த சூட்டில் வேலையும் நடந்தது.

2012-ல் மருத்துவ சங்கங்கள் ஒன்றுகூடி 'சென்னைப் பிரகடனம்' வெளியிட்டன. 2014 மார்ச்சில் 'ஷெட்யூல் ஹெச்1' அமலானது. அந்தப் பட்டியலில் உள்ள மருந்தை விற்றால், டாக்டர் பேர், நோயாளி பேர், எத்தனை மாத்திரை எல்லாத்தையும் கடைக்காரர் தனி ரிஜிஸ்டரில் எழுதி, மூணு வருஷம் பத்திரப்படுத்தணும். 2016-ல் 'சிவப்புக் கோடு' பிரசாரம், 2017-ல் தேசிய செயல் திட்டம், 2025 நவம்பரில் அதன் இரண்டாம் பாகம். நடுவில் 2024 ஜனவரியில், ஆன்ட்டிபயாட்டிக் எழுதும்போது எதுக்காகன்னும் சீட்டில் குறிப்பிடச் சொல்லி டாக்டர்களை மத்திய சுகாதார சேவைகள் இயக்குநரகம் கேட்டுக்கொண்டது.

அப்புறம் ஏன் கடையில் கேட்டதும் கிடைக்குது? ஹெச்1-ல் வராத அமாக்சிசிலினுக்குக்கூட சீட்டு வேணும்னுதான் சட்டம். ஆனா, கடைகளைக் கண்காணிக்கிற வேலை மாநிலங்களோடது. முதல் ஆளாகத் தனி செயல் திட்டம் போட்ட மாநிலம் கேரளா, 2018-ல். அங்கே 2024-ல் 'ஆபரேஷன் அம்ரித்' என்ற பேரில் மருந்துக் கடைகளில் திடீர் சோதனையே நடத்தினாங்க!

இதில் நமக்கென்னனு கேட்காதீங்க. பைக்ல விழுந்து கால் எலும்புக்கு பிளேட் வைக்கணும்னாலும், அம்மாவுக்கு ஆபரேஷன்னாலும், கேன்சருக்கு கீமோ கொடுக்கணும்னாலும், தொற்று வராமல் காப்பது இந்த மருந்துகள்தான். அது பலிக்கலைன்னா, சின்ன ஆபரேஷன்கூட உயிரோட விளையாட்டாயிடும்.

நீங்க என்ன பண்ணலாம்?

* ஸ்ட்ரிப்பைத் திருப்பிப் பாருங்க. நெடுக்காக சிவப்புக் கோடு இருந்தா, டாக்டர் சீட்டு இல்லாம வாங்காதீங்க.

* ''இது வைரஸா, பாக்டீரியாவா டாக்டர்?'' கூச்சப்படாமக் கேளுங்க. ஆன்ட்டிபயாட்டிக் வேணும்னு நீங்களா அடம்பிடிக்காதீங்க.

* டாக்டர் சொன்ன அளவு, சொன்ன நாள். நீங்களா கூட்டவோ குறைக்கவோ வேணாம்.

* மிச்ச மாத்திரையை ரூம்மேட்டுக்கு தானம் பண்ணாதீங்க. நோட்ஸ் ஷேர் பண்ணலாம், ஆன்ட்டிபயாட்டிக் கூடாது!

அரியர் விழுந்தா அடுத்த செமஸ்டர்ல எழுதிக்கலாம். புது ஆன்ட்டிபயாட்டிக் வர பல வருஷம் ஆகும் மக்கா... இருக்கிறதைக் காப்பாத்துவோம்!