பெட்டிக்குள் எழும் மின்வில்

சேலத்துச் சவ்வரிசி ஆலைகளிலும் நாமக்கல் கோழிப்பண்ணைகளிலும் மின்சாரத்தை இணைத்தும் துண்டித்தும் காக்கும் பிரேக்கர், ஃபியூஸ் முதலியவற்றின் தொகுதி சுவிட்ச்கியர் எனப்படுகிறது.

ஷாக்கைவிடக் குறைவாகப் பேசப்படும் அதன் ஆபத்து மின்வில். தளர்ந்த முனையிலோ, தூசியும் ஈரமும் படிந்த பெட்டியிலோ காற்றே மின்பாதையாகிவிடும்போது எழும் அப்பிழம்பு, செம்பையும் ஆவியாக்கும். ஆகவே இடர் மதிப்பீடு என்பது, குறுக்குச்சுற்றில் பாயும் மின்னோட்டத்தையும் பிரேக்கர் அதைத் துண்டிக்க எடுக்கும் நேரத்தையும் கணக்கிடுவதாகும். 415 வோல்ட்தானே என்னும் அலட்சியம் தவறு, ஏனெனில் டிரான்ஸ்ஃபார்மருக்கு அருகில் அம்மின்னோட்டம் பல்லாயிரம் ஆம்பியரை எட்டக்கூடும்.

உருகிய ஃபியூஸுக்குப் பதில் தடித்த கம்பியைச் சுற்றுவது, சிக்கனமாகத் தோன்றினும், துண்டிப்பு நேரத்தை நீட்டி வில்லின் ஆற்றலைப் பெருக்குகிறது. பழுதுபார்க்குமுன் மின்சாரத்தைத் துண்டித்து, பூட்டிட்டு, மின்னழுத்தம் இல்லையெனச் சோதித்து, எர்த் செய்வதே முறை.