தாடி ஓணானுக்கு மண் வேண்டும்!

தாடி வைத்த ஓணானைப் பார்த்திருக்கிறீர்களா, குட்டீஸ்? ஆஸ்திரேலியாவின் உட்பகுதியில், வறண்ட நிலங்களில் வாழும் இதற்கு, 'பியர்டட் டிராகன்' என்று பெயர். கோபமோ, பயமோ வந்தால், தொண்டைக்கு அடியில் உள்ள முள் முள்ளான தோலை உப்பிக் காட்டும். அது கறுத்தும் போகும். பார்த்தால் தாடி மாதிரியே இருக்கும்! நம் ஊர் வேலியில் தலையாட்டும் ஓணானும் இதுவும் ஒரே குடும்பம்தான்.

அமெரிக்கா, ஐரோப்பிய நாடுகளில் பலர் இதைக் கண்ணாடித் தொட்டியில் செல்லமாக வளர்க்கின்றனர். ரொம்ப சாது! ஆனால், பெண் ஓணான் முட்டையிடும் காலம் வந்துவிட்டால், வளர்ப்பவர் உஷாராக வேண்டும். கவனிக்காமல் விட்டால், அதன் உயிருக்கே ஆபத்து!

இது ஒரு தடவைக்கு ஏறக்குறைய 20 முட்டைகள் இடும். ஒரே பருவத்தில் பல தடவை இடுவதும் உண்டு. ஆண் துணை இல்லாமல் தனியாக வளரும் பெண்ணும் முட்டையிடலாம். சேவல் இல்லாமலே கோழி முட்டையிடுகிறதே, அதுபோல! அந்த முட்டைகளில் குஞ்சு வராது. ஆனால், தாய்க்குச் சிரமம் ஒன்றுதான்.

இத்தனை முட்டைகளுக்கும் ஓடு செய்யக் கால்சியம் வேண்டுமே! உணவில் போதவில்லை என்றால், தாயின் எலும்பிலிருந்தே அது எடுக்கப்படும். எலும்பு பலவீனமாகும், கால்கள் நடுங்கும். முட்டையை வெளியே தள்ளக்கூடத் தெம்பு இருக்காது. அதனால்தான், பூச்சிகள் மீது கால்சியம் பொடியைத் தூவி உண்ணக் கொடுக்கின்றனர்.

அது மட்டும் போதாது. தின்ற கால்சியம் உடம்பில் சேர, வைட்டமின் டி3 வேண்டும். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் பட்டால்தான் தோலில் அது உருவாகும். ஜன்னல் கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும். எனவே, வீட்டுக்குள் வளர்ப்பவர்கள் அதற்கென உள்ள விளக்கைப் பொருத்துகின்றனர்.

அடுத்தது, மண்! முட்டையிடும் நாள் நெருங்கினால், சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு, தொட்டியின் மூலைகளைப் பிறாண்ட ஆரம்பிக்கும். காட்டில் என்றால், குழி தோண்டி, முட்டையிட்டு, மூடிவிட்டுப் போய்விடும். தொட்டியில் எங்கே தோண்டுவது? தோண்ட இடம் இல்லையென்றால், முட்டைகள் வயிற்றிலேயே தங்கிவிடலாம். அப்படி ஆகிவிட்டால், உடனே கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும். சில சமயம் அறுவை சிகிச்சையே தேவைப்படும். ஒரு பெட்டி நிறைய ஈர மணலை ஆழமாக நிரப்பி முன்கூட்டியே வைத்தால், இந்த ஆபத்து பெருமளவு குறையும்.

இட்ட முட்டைகளைப் புரட்டக் கூடாது. புரட்டினால், உள்ளே வளரும் கரு இறந்துவிடலாம். சூடும் முக்கியம். 32 டிகிரி செல்சியசுக்கு மேல் போனால், ஆணாகப் பிறக்க வேண்டிய குஞ்சுகளில் சில பெண்ணாகிவிடும்! காட்டில் வாழும் தாடி ஓணான்களிலும் இப்படி நடப்பதை, 2015ல் விஞ்ஞானிகள் கண்டறிந்தனர்.

நம் ஊர் ஓணானும் ஈர மண்ணில் குழி பறித்துத்தான் முட்டையிடும். தோட்டத்தில் மண்ணைப் பறிக்கும் ஓணானைக் கண்டால், கல்லெறியாமல் தள்ளி நில்லுங்கள், குட்டீஸ்! அது தன் முட்டைகளுக்கு இடம் தேடி வந்த தாயாக இருக்கும்.