பவளத்தை மூடும் கடற்பஞ்சு

கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்தில், கொடைக்கானலில் பவளத் தொட்டி வைக்க ஒருவர் ஆசைப்பட்டால் முதல் செலவு ஹீட்டருக்குத்தான். சமவெளியில் நீரைக் குளிர்விக்கச் சில்லர் வாங்குகிறார்கள். இங்கே மார்கழி இரவில் 25 டிகிரியைத் தக்கவைப்பதே பெரும்பாடு. அதைச் சமாளித்துப் பவளங்கள் விரியத் தொடங்கியதும் அடுத்த தொல்லை தலைகாட்டும். 'லைவ் ராக்' எனப்படும், உயிரினங்கள் ஒட்டிய கடற்பாறையின் இடுக்கில் வந்த கடற்பஞ்சு, மஞ்சளாகவோ சாம்பலாகவோ பவளத்தின் அடியைச் சுற்றிப் படரும். கையை விட்டுப் பிய்த்துப் போடத் தோன்றும். நீருக்குள் வைத்து அதைப் பிய்க்கவே கூடாது.

கடற்பஞ்சு ஒரு விலங்கு. வாயோ வயிறோ நரம்போ அதற்குக் கிடையாது. உடலெங்கும் உள்ள நுண்துளைகளால் நீரை இழுத்து, அதிலுள்ள பாக்டீரியாக்களை வடிகட்டித் தின்கிறது. 1907-ல் அமெரிக்க விலங்கியலாளர் எச்.வி. வில்சன், சிவப்புக் கடற்பஞ்சு ஒன்றை மெல்லிய பட்டுத் துணியில் கட்டிப் பிழிந்தார். தனித்தனி செல்களாக உதிர்ந்தவை, கிண்ணத்தின் அடியில் ஊர்ந்து ஒன்றோடொன்று ஒட்டி மறுபடியும் கடற்பஞ்சாக உருவெடுத்தன. அப்படிப்பட்ட உயிரைத் தொட்டிக்குள் கிழித்தால், நீரோட்டமே துணுக்குகளை மூலை முடுக்கெல்லாம் கொண்டு சேர்த்துவிடும். புல்வெளியில் சீகை (வாட்டில்) மரத்தை வெட்டிவிட்டு, மண்ணில் கிடந்த விதைகள் கூட்டமாக முளைப்பதைப் பார்த்த மலைக்காரர்களுக்கு இது எளிதில் புரியும்.

இன்னொரு ஆபத்து, நச்சு. ஓடி ஒளிய முடியாத இந்த விலங்குகளில் பல, வேதிப்பொருள்களால்தான் தங்களைக் காத்துக்கொள்கின்றன. நசுக்கினால் அவை நீரில் கலக்கும். பெரிய திட்டு ஒரேயடியாகச் செத்தால், அதை அழுகவைக்கும் பாக்டீரியாக்கள் ஆக்ஸிஜனை இழுத்துக்கொள்ளும். கொடைக்கானலில் காற்றழுத்தம் குறைவு என்பதால், அதே வெப்பநிலையில் தொட்டி நீரில் கரையும் ஆக்ஸிஜனும் கடலோர ஊர்களைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. எனவே இங்கே சிறு சிறு திட்டாக, பகலில் மட்டுமே அகற்ற வேண்டும். நீர்ப்பரப்பு நன்றாகக் கலங்கும்படி பம்ப் ஓடட்டும், நச்சை உறிஞ்ச ஆக்டிவேட்டட் கார்பனும் இருக்கட்டும்.

பாறையை வெளியே தூக்குவதே நல்ல வழி. காற்று புகுந்தால் கடற்பஞ்சின் நீர்க்குழல்கள் அடைபட்டுப்போகலாம். பல பவளங்களோ சில நிமிடக் காற்றைத் தாங்கும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், பல இனங்களின் உடலில் கண்ணாடி ஊசி போன்ற சிலிக்கா முட்கள் உண்டு. பிரஷ்ஷால் தேய்த்து, வாளியில் எடுத்த தொட்டி நீரில் அலசி, அந்த நீரைத் திரும்ப ஊற்றாமல் அப்புறப்படுத்துங்கள். தூக்க முடியாத பாறையென்றால், சுரண்டும்போதே குழாயால் துணுக்குகளை உறிஞ்சி வெளியேற்ற வேண்டும். தீனியைக் குறைப்பதும் உதவும். இருண்ட மூலையில் வெள்ளையாக, நகக்கண் அளவில் நிற்கும் சைகான் பஞ்சுகளை நான் விட்டுவிடச் சொல்வேன். அவை பவளத்தைத் தொடுவதில்லை, நீரையும் வடிகட்டுகின்றன.

கடலில் இந்த வித்தை எதுவும் செல்லாது. டெர்பியோஸ் ஹோஷினோட்டா என்ற கடற்பஞ்சு, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த கருஞ்சாம்பல் தோலாக உயிருள்ள பவளத்தின் மேலேயே படர்ந்து அதைக் கொல்கிறது. 1970-களில் குவாம் தீவில் கவனத்துக்கு வந்த இது, 2015-ல் பாக் விரிகுடாவிலும் 2018-ல் மன்னார் வளைகுடாவிலும் ஆய்வறிக்கைகளில் பதிவானது. தீனியைக் குறைத்து இதைப் பட்டினி போடவும் வழியில்லை. உடலுக்குள் நெருக்கமாக வாழும் சயனோபாக்டீரியாக்கள் வெயிலிலிருந்தே உணவு தயாரிக்கின்றன. நிழல் விழுந்தால் இதன் பரவல் தடைபடுவது ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. தொட்டியில் என்றால் ஒரு மூடி போதும். மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றிய பவளப் பாறைகளுக்கு யார் குடை பிடிப்பது? கடல் வெப்பத்தால் வெளுத்து நலிந்த பவளத்துக்கு எதிர்த்து வளரவும் தெம்பிருக்காது. ஆகவே திட்டு சிறியதாக இருக்கும்போதே கண்டறியும் தொடர் கணக்கெடுப்பும், கடலில் கழிவுநீர் கலக்காமல் தடுப்பதுமே இப்போதைக்குக் கைவசம் உள்ளவை. கல்பவளங்கள் 2001 முதல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. அதனால், மன்னார் வளைகுடாவை ஒட்டிய மண்டபம் கரையிலிருந்து ஒரு துண்டைக்கூடத் தொட்டிக்காக எடுத்துவர முடியாது.