பெட்டிக்குப் போகும் ஏழு வயர்

தை பிறந்து சம்பா அறுவடை சூடு பிடித்துவிட்டால் திருநள்ளாறு, நெடுங்காடு, நிரவி பக்கத்துச் சாலைகளில் டிராக்டர்களுக்கு ராத்திரி பகல் கிடையாது. விடிகாலைப் பனி கொட்டுவதும் அதே நாட்களில்தான். சனிக்கிழமை என்றால் சனீஸ்வரனைப் பார்க்க வெளியூர்க் கார்கள் இருட்டோடு வந்து சேரும். பாதை புதிது, கண்ணாடியில் பனி, முன்னால் வைக்கோல் ஏற்றிய பெட்டி, அதாவது டிரெய்லர் ஒன்று ஊர்ந்துகொண்டிருக்கிறது. டிராக்டர்காரர் பிரேக்கை மிதித்தால் டிராக்டரின் விளக்கு சிவப்பாக எரியத்தான் செய்கிறது. அதைப் பார்ப்பது டிரெய்லரின் முன்பலகை மட்டும்.

இழுக்கும் வண்டியின் பின்விளக்கை இழுபடும் வண்டி மறைத்துவிடுகிறது. ஆகவே முன்வண்டி செய்வதையெல்லாம் பின்வண்டி அந்தந்த நொடியே காட்டியாக வேண்டும். இதற்காகத்தான் டிராக்டரின் பின்புறம் உள்ளங்கைக்குள் அடங்குகிற வட்டமான ஏழு பின் சாக்கெட் ஒன்று இருக்கிறது. மூடியைத் தூக்கிப் பார்த்தால் வட்டமாக ஆறு, நடுவில் ஒன்று. 12 வோல்ட் வண்டிகளுக்கான ஐஎஸ்ஓ 1724 தரத்தின்படி 1 இடது சிக்னல், 4 வலது சிக்னல், 5 வலது பார்க் லைட், 7 இடது பார்க் லைட், 6 பிரேக். 2 பனிமூட்ட விளக்குக்கு. நம் பக்கத்து டிரெய்லர்களில் அதற்கு வேலை இல்லை. மிச்சமிருக்கும் 3 தான் எர்த்.

வயர் நிறத்துக்கும் தரம் உண்டு: இடது சிக்னல் மஞ்சள், வலது பச்சை, பிரேக் சிவப்பு, எர்த் வெள்ளை. ஆனால் இரண்டு கை மாறிய டிரெய்லரில் நிறத்தை நம்பக் கூடாது. பிளக்கின் பின்மூடியைக் கழற்றினால் ஒவ்வொரு திருகின் அருகிலும் பொடி எழுத்தில் எண் பொறித்திருக்கும். அது பொய் சொல்லாது. வாஞ்சூர் துறைமுகத்துக்குப் போய்வரும் கனரக லாரிகளின் கதை வேறு. அவை 24 வோல்ட். அவற்றுக்கான ஐஎஸ்ஓ 1185 சாக்கெட் பார்க்க அண்ணன் தம்பி போல இருந்தாலும் அதில் எர்த் 1-ஆம் இடத்தில் இருக்கிறது. நடுப் பின்னை மாற்றி அமைத்திருப்பதால் ஒன்றை இன்னொன்றில் செருக முடியாது. யோசித்துச் செய்திருக்கிறார்கள்.

இனி எர்த். டிரெய்லரின் மின்கோளாறுகளில் பெரும்பகுதி இந்த ஒற்றை வயரில்தான் கிடக்கிறது என்பேன். மின்சாரம் போனால் மட்டும் போதாது, திரும்பி வரவும் வேண்டும். பல டிரெய்லர்களில் திரும்பும் வழிக்கென்று வயரே இழுத்திருக்க மாட்டார்கள். கொக்கியில் மாட்டும் பின் இரும்பு, டிரெய்லரும் இரும்பு, அது போதும் என்று விட்டுவிடுவார்கள். கடையில் பார்க்கும்போது எரியும். ஆனால் அந்தப் பின்னுக்குக் கிரீஸ் பூசியிருக்கும், சேறு அப்பியிருக்கும், துரு ஏறியிருக்கும். பள்ளத்தில் குலுங்கும்போதெல்லாம் தொட்டும் விட்டும் ஆடும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 21 வாட் பிரேக் இரண்டு, 5 வாட் பார்க் இரண்டு, ஆக 52 வாட். 12 வோல்ட்டில் 4 ஆம்பியருக்குக் கொஞ்சம் கூடுதல். எர்த் தொடும் இடத்தில் துருவால் ஒரே ஒரு ஓம் தடை வந்துவிட்டால், பல்புக்குக் கிடைப்பது 9 வோல்ட்டுக்கும் குறைவு. ஒளி அதே விகிதத்தில் குறைவதில்லை. இழை பல்பில் வோல்ட் கால்பங்கு இறங்கினால் வெளிச்சம் ஏறக்குறைய மூன்றில் ஒன்றாகிவிடும். பனியில் அது எரிந்தாலும் ஒன்றுதான், எரியாவிட்டாலும் ஒன்றுதான்.

எர்த் அடியோடு விட்டுப்போனால் வேடிக்கை ஆரம்பிக்கும். இடது சிக்னல் போட்டால் வலது பக்கமும் மங்கலாக மினுக்கும். பிரேக்கை மிதித்தால் பார்க் லைட் எரியும். பேய் ஒன்றும் பிடிக்கவில்லை. நேர்வழி அடைபட்ட மின்சாரம் பக்கத்து பல்பின் இழைக்குள் தலைகீழாக நுழைந்து, அதன் வயர் வழியே டிராக்டருக்குப் போய், அங்குள்ள பல்பு வழியாக எர்த்தைத் தேடிக்கொள்கிறது. இந்த அறிகுறியைக் கண்டால் பல்பு வாங்கக் கடைக்கு ஓட வேண்டாம். டிரெய்லரின் சட்டத்திலிருந்து டிராக்டரின் சட்டத்துக்குத் தற்காலிகமாக ஒரு வயரைப் பிடித்துப் பாருங்கள். விளக்கெல்லாம் ஒழுங்குக்கு வந்தால் குற்றவாளி சிக்கிவிட்டான். மற்ற வயர்கள் 1.5 சதுர மில்லிமீட்டர் என்றால் எர்த் 2.5 இருக்கட்டும். மற்ற எல்லோரும் கொண்டுபோன சுமையை அது ஒற்றையாகத் திருப்பிக் கொண்டுவருகிறது.

டிரெய்லருக்கு இத்தோடு முடிந்தது. இழுபடுவது கார் என்றால் சிக்கல் வேறு மாதிரி. அமெரிக்காவில் பஸ் அளவு மோட்டார் ஹோமில் ஊர் சுற்றப் போகிறவர்கள், பின்னால் ஒரு சின்னக் காரை நான்கு சக்கரமும் தரையில் உருள இரும்புக் கம்பியில் கோத்து இழுத்துப் போவார்கள். போன இடத்தில் கடைகண்ணிக்குப் போய்வர அது. நம் ஊரில் இப்படி இழுபடுவது பழுதான கார்தான். 1989-ஆம் ஆண்டு சாலை விதிகள் இரண்டு வண்டிக்கும் நடுவே 5 மீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது என்றன. பின்னால் 75 மில்லிமீட்டர் உயர எழுத்தில் ‘ஆன் டோ’ பலகையும் கேட்டன. பலகை பகலுக்கு உதவும். ராத்திரிக்கு விளக்குதான்.

காருக்குத்தான் சொந்த விளக்கு இருக்கிறதே, முன்வண்டி வயரை அதில் கோத்துவிட்டால் என்ன என்று தோன்றும். கூடாது. அனுப்பிய மின்சாரம் பல்போடு நிற்காமல், அதே வயர் வழியே பின்னோக்கி ஓடி காரின் கட்டுப்பாட்டுக் கருவிக்குள் புகும். இன்றைய கார்களில் விளக்கை ஏற்றுவது ஸ்விட்ச் அல்ல, அந்தக் கருவி. அது கெட்டால் செலவு பழுத்துவிடும். அதனால் விளக்குக்குப் போகும் வயர்களில் டயோடு வைப்பார்கள். காரைக்கால் கடைமடையில் வடிகால் தண்ணீரைக் கடலுக்கு விட்டு, ஏற்றத்தின்போது உப்புநீரை உள்ளே விடாமல் தடுக்கும் ரெகுலேட்டர் செய்கிற வேலைதான் டயோடு செய்வதும். காரின் சொந்த வயரில் ஒன்று, முன்வண்டியிலிருந்து வரும் வயரில் ஒன்று. இரண்டும் பல்பை நோக்கி மட்டும் வழிவிடும். டயோடு தன் பங்குக்கு அரை வோல்ட்டுக்குக் குறையாமல் பிடித்துக்கொள்ளும் என்பதால் வெளிச்சம் லேசாகக் குறையும். அது பிடிக்காதவர்கள் விளக்குக் கூட்டுக்குள் தனி பல்பு, தனி வயர் என்று காரின் மின்சுற்றைத் தொடாமலே முடித்துவிடுகிறார்கள். எப்போதாவது ஒருமுறை இழுக்கிறவருக்கு இரண்டுமே வேண்டாத வேலை. காந்த அடி வைத்த விளக்கு ஜோடியைக் கார் டிக்கி மேல் ஒட்டி, வயரை முன்வண்டிக்கு இழுத்தால் போதும்.

இந்தக் கழற்றி மாட்டும் யோசனை வைக்கோல் வண்டிக்குத்தான் அதிகம் தேவை என்பது என் எண்ணம். கட்டுகள் பின்னால் பிதுங்கித் தொங்கினால் சட்டத்தில் பொருத்திய விளக்கு எவ்வளவு நன்றாக எரிந்தும் பயனில்லை. ஒரு பலகையில் இரண்டு விளக்கும் சிவப்பு எதிரொளிப்பானும் பொருத்தி, நீள வயரோடு சுமைக்கு வெளியே கட்டிவிடலாம். எல்இடி விளக்காக இருந்தால் ஆம்பியர் குறைவு, எர்த் பலவீனமும் அவ்வளவாகத் தெரியாது. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: டிராக்டர் விளக்குகளையும் சேர்த்து எல்லாவற்றையும் எல்இடிக்கு மாற்றினால், சிக்னலை மினுக்க வைக்கும் பழைய பிளாஷர், பல்பு போய்விட்டதாக நினைத்துப் படபடவென்று அடிக்கும். எல்இடிக்கான எலக்ட்ரானிக் பிளாஷர் மாற்றிவிட்டால் அடங்கிவிடும்.

கடலோர ஊரில் பித்தளைப் பின்கள் பச்சைக் களிம்பு பிடித்துக்கொள்ளும். அறுவடைக்கு முன்பு பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, மெல்லிய உப்புத்தாளால் பின்களைத் தேய்த்து வாசலின் தடவி, பிளக்கை நாலைந்து முறை செருகி உருவி விடுங்கள். வண்டி சும்மா நிற்கும் மாதங்களில் பிளக்கின் வாய் மண்ணைப் பார்த்துத் தொங்கட்டும். மழைத் தண்ணீர் உள்ளே தேங்காது.