செவ்வாயைப் பார்க்கப் போன கடிகாரம்

1672-இல் ழான் ரிஷே என்ற பிரெஞ்சு வானியலாளர் தென் அமெரிக்காவின் கயேனுக்குக் கப்பலேறினார். பூமியை நெருங்கி வந்திருந்த செவ்வாயை அளப்பதுதான் அவருக்குத் தரப்பட்ட வேலை. ஆனால் பாரிஸில் ஒழுங்காக ஓடிய அவருடைய ஊசல் கடிகாரம், நிலநடுக்கோட்டை ஒட்டிய கயேனில் நாளொன்றுக்கு இரண்டரை நிமிடம்போலப் பின்தங்கியது. ஊசலைக் கிட்டத்தட்ட மூன்று மில்லிமீட்டர் குறைத்த பிறகே நேரம் சரிப்பட்டது. அங்கே ஈர்ப்பு சற்றுக் குறைவு என்பதுதான் காரணம். பூமி துருவங்களில் தட்டையானது என்று வாதிட்ட நியூட்டனுக்கு இந்த அளவு நன்றாகக் கைகொடுத்தது.

அப்படியானால் ஊசலைச் செவ்வாய்க்கே கொண்டுபோனால்? பதினொன்றாம் வகுப்புச் செய்முறையில் செய்வதுதான். ஒரு மீட்டர் நூலில் குண்டைக் கட்டி, கொஞ்சமாக இழுத்துவிட்டு, 20 அலைவுகளை எண்ண வேண்டும். இங்கே 40 வினாடி ஆகும். செவ்வாயில் 65, நிலவில் 99. நூலின் நீளத்தை 39.5-ஆல் பெருக்கி, ஓர் அலைவு நேரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் ஈர்ப்பு முடுக்கம் வந்துவிடும். செவ்வாய்க்கு 3.7, நிலவுக்கு 1.6. குண்டின் எடை கணக்கிலேயே வராது. நேரம் வர்க்கமாக வருவதால், அதில் ஒரு சதவீதம் பிசகினால் விடையில் இரண்டு சதவீதம் பிசகும். ஒருவர் எண்ண, இன்னொருவர் ஸ்டாப்வாட்சை அமுக்கினால் நல்லது. அந்த வாட்சும் ஊசலால் ஓடுவதாக இருக்கக் கூடாது. இரண்டும் சேர்ந்தே மந்தமாகி வித்தியாசத்தை மறைத்துவிடும். ரிஷேவுக்கு அந்தத் தொல்லை இல்லை, அவர் விண்மீன்களை வைத்து நேரம் பார்த்தார்.

வெள்ளியில்தான் கஷ்டம். சுமார் 460 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஈயக் குண்டு உருகிவிடும், நூல் கருகிவிடும். இரும்புக் குண்டும் கம்பியும் வேண்டும். கம்பியோ சூட்டில் நீளும். அதை அங்கேயே அளந்தாக வேண்டும். காற்று நம்முடையதைவிட ஐம்பது மடங்குக்கு மேல் அடர்த்தியானது. அது குண்டைச் சற்றே மேலே தாங்குவதால் ஊசல் 0.4 சதவீதம் மெதுவாக ஆடும். ரிஷே கண்ட வித்தியாசமோ 0.17 சதவீதம்தான்! வியாழனில் ஈர்ப்பு முடுக்கம் 25-ஐ நெருங்குகிறது, ஆனால் ஊசலை மாட்டத் தரையே இல்லை.

கோள்களின் ஈர்ப்பை அவற்றின் துணைக்கோள்களும் விண்கலங்களும் சுற்றும் விதத்திலிருந்தே அறிந்துவிட்டோம். இருந்தும் தரையில் அளப்பதற்குத் தனிப் பயன் உண்டு. செவ்வாயில் ஷார்ப் மலையேறிய கியூரியாசிட்டி ஊர்தியில் ஊசல் இல்லை. தன் சாய்வையும் அசைவையும் அறிய முடுக்கமானிகள் இருந்தன. அந்தப் பதிவுகளிலிருந்து ஈர்ப்பைக் கணக்கிட்டு 2019-இல் வெளியிட்டார்கள். மலையின் பாறை எதிர்பார்த்ததைவிட லேசானது, கன மீட்டருக்குச் சுமார் 1,680 கிலோ. மேலே பல கிலோமீட்டர் மண் அழுத்தியிருந்தால் அது இன்னும் இறுகியிருக்கும்.