கடன்பட்டுச் செழித்த மொழி

ஆங்கிலம் தன் சொந்த முதலைக் கொண்டே செல்வம் சேர்த்த மொழி என எண்ணுவோர் நம்மிடையே பலர். அதன் கணக்கேட்டைப் புரட்டிப் பார்ப்பின் பக்கந்தோறும் கடனே காணப்படும்.

1066 ஆம் ஆண்டிலே நோர்மானியர் இங்கிலாந்தை வென்றனர். ஆண்டோர் பேசியது பிரெஞ்சு. ஆளப்பட்டோர் பேசியது ஆங்கிலம். அதனாற்போலும், மேய்ச்சல் நிலத்தில் ‘ஷீப்’ என நின்ற செம்மறி உணவு மேசையை அடைந்ததும் ‘மட்டன்’ ஆயிற்று. தொழுவத்துப் ‘பிக்’ தட்டிலே ‘போர்க்’ ஆயிற்று. முன்னவை உள்நாட்டுச் சொற்கள். பின்னவை பிரெஞ்சிலிருந்து வந்தவை.

அதற்கு முன்னரே வட கடலைக் கடந்து வந்து குடியேறிய ஸ்கண்டினேவியர், வானத்தைக் குறிக்கும் ‘ஸ்கை’, முட்டையைக் குறிக்கும் ‘எக்’ ஆகிய சொற்களைத் தந்தனர். ‘அவர்கள்’ எனப் பொருள்படும் ‘தே’ என்பதும் அவர் தந்ததே. இவை ஒரு நாளில் நிலைபெற்றவையல்ல. இங்கிலாந்தின் முதல் அச்சாளரான வில்லியம் கக்ஸ்டன் 1490 இல் எழுதிய நூன்முகம் ஒன்றிலே ஒரு நிகழ்ச்சியைக் கூறுகின்றார். தேம்ஸ் ஆற்றங்கரையில் வணிகர் ஒருவர் ஒரு வீட்டிற்குச் சென்று ‘எக்’ வேண்டுமெனக் கேட்டார். தமக்குப் பிரெஞ்சு தெரியாதென அவ்வீட்டு அம்மையார் விடை கூறினார்! தமக்கும் அது தெரியாதே என வணிகர் சினந்தார். மற்றொருவர் ‘எய்ரன்’ என்னும் பழைய சொல்லைக் கூறிய பின்னரே அம்மையாருக்கு விளங்கிற்று. அன்று அந்நியமாய் ஒலித்த சொல்லே இன்று ஆங்கிலேயர் அனைவர்க்கும் உரியது.

‘அல்ஜீப்ரா’ அராபியர் தந்தது. ‘டீ’ சீனர் தந்தது. நமது சுருட்டும் கட்டுமரமும் ‘செரூட்’, ‘கற்றமரான்’ என உருமாறி அங்கே குடியேறியுள்ளன.

இனி, ‘செயார்’ என்பதை நோக்குவோம். இருக்கையைக் குறிக்கும் ‘கதெட்ரா’ என்னும் கிரேக்கச் சொல் இலத்தீனிலே புகுந்து, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தை அடைந்து ‘செயார்’ ஆயிற்று. அதே சொல் போர்த்துக்கேய மொழியில் ‘கதெய்ரா’ ஆகி, கப்பலேறி யாழ்ப்பாணம் வந்து ‘கதிரை’ ஆயிற்று.

பல்லாண்டுகளாக மாணவர் கட்டுரைகளிலே ‘கதிரை’யைக் கண்டவிடத்தெல்லாம் சிவப்பு மையால் வெட்டி ‘நாற்காலி’ என எழுதி வந்தேன். ஆங்கிலப் பாடத்திலே அவர்கள் எழுதும் ‘செயார்’ உயர்ந்ததென்றும், தம் வீட்டுச் சொல் இழிந்ததென்றும் என்னையறியாமலே கற்பித்துவிட்டேன். இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் அல்லவா? நாற்காலி நல்ல தமிழ்ச் சொல். மாணவர் அதனைப் பழகவே வேண்டும். ஆயினும் இப்பொழுது நான் கதிரையை வெட்டுவதில்லை. அது வந்த வழியை அதன் அருகே குறித்துவிடுகின்றேன்.